தவறணையும் மருத்துவமனையும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் போதைத் தடுப்பின் வரலாறு

மதுவைப் பற்றித் தமிழில் எழுந்த சிந்தனை இரு முகம் கொண்டது. சங்கச் செய்யுள்கள் கள்ளை விருந்தோம்பலின் ஓர் உறுப்பாகவே பாடின. பின்னர் எழுந்த திருக்குறள் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரத்தையே வகுத்து அதனைக் கடிந்தது. பிற்கால அறநூல்களும் சமயப் பிரசங்கங்களும் இந்த இரண்டாவது மரபையே பின்பற்றின. குடித்தவனது ஒழுக்கமே அவற்றின் கவலையாக இருந்தது. வரலாற்று மாணவனோ வேறு சில வினாக்களையும் எழுப்ப வேண்டியுள்ளது. மதுவை விற்றவர் யார்? அவ்விற்பனையால் எவருடைய பெட்டகம் நிறைந்தது? விற்பனையைத் தடுக்க முற்பட்டோர் எதனைச் சாதித்தனர்? பழக்கத்துக்கு அடிமையானவனை மீட்கும் பொறுப்பை யார் ஏற்றனர்? இவ்வினாக்களை மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியும் குடும்பமும்

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, அப்பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் மீன்பிடியும் தென்னையும் வணிகமும், மேற்கேயுள்ள படுவான்கரையில் நெற்செய்கையும் கால்நடையும் மக்களின் சீவனோபாயங்களாக அமைந்தன. போடியாரும் அவர்தம் வயலிற் பாடுபட்ட முல்லைக்காரரும், வாவியில் வலைவீசியோரும், தென்னையிலும் பனையிலும் ஏறிச் சீவல் தொழில் செய்தோரும், சோனக வணிகரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த சமூகம் இது. கள் இச்சமூகத்துக்குப் புதியதன்று. உடலுழைப்பின் பின் அருந்தும் பானமாகவும், சில சிறுதெய்வங்களுக்கு மடையில் வைக்கும் படையலாகவும் அது இடம் பெற்றிருந்தது. அதே சமூகம், கண்ணகியம்மன் சடங்கு போன்ற காலங்களில் மச்சமும் மதுவும் விலக்கி நோன்பிருக்கும் ஒழுங்கையும் பேணி வந்தது. எனவே மதுவுக்கு இடமும் காலமும் வரையறுக்கும் கட்டுப்பாடு சட்டம் வருவதற்கு முன்னரே ஊரில் இருந்தது எனலாம்.

இப்பிரதேசத்தின் குடும்ப அமைப்பும் இங்கு கருதத்தக்கது. மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டம் தாய்வழி உரிமையை அடிப்படையாகக் கொண்டது. 1876ஆம் ஆண்டில் கிறிஸ்தோபர் பிறிற்றோ அதனைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் பின்னர் அச்சட்டம் படிப்படியாக வழக்கொழிந்தது. ஆயினும் வீட்டையும் வளவையும் மகளுக்கே சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வதும் தமிழரிடையேயும் சோனகரிடையேயும் இன்றும் தொடரும் வழக்கங்களாகும். குடிகாரக் கணவன் தன் உழைப்பைத் தொலைக்கலாம். ஆனால் குடியிருக்கும் வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் அதனை அவன் எளிதில் ஈடுவைக்க முடியாது. பெண்ணின் தாயும் சகோதரிகளும் அயல் வளவிலேயே வாழ்வதால் அவள் தனித்துவிடப்படுவதும் இல்லை. போதையின் தாக்கத்தை ஓரளவேனும் தாங்கும் அரண் இவ்வமைப்பில் உண்டு. பிற்காலத்தில் இவ்வரண் எவ்வாறு நலிந்தது என்பது பின்னர் நோக்கப்படும்.

குத்தகைக் காலம்

கள் ஊருக்குள் உண்டாகி ஊருக்குள் முடிந்த பண்டம். சாராயம் அவ்வாறன்று. அது வடிக்கப்பட்டு, பீப்பாவில் அடைக்கப்பட்டு, தொலைதூரம் கொண்டு செல்லப்படக் கூடியது. ஆதலால் வரி விதிப்பதற்கும் உகந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே சாராய விற்பனையுரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பிரித்தானியர் அம்முறையை விரிவுபடுத்தினர். 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சாராயம் வடித்தலையும் விற்றலையும் ஒழுங்கமைத்தது. குறித்த பிரதேசத்தில் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்தில் விடப்படும். அதிக தொகை கேட்டவர் குத்தகைக்காரராவார். அவர் தம் பிரதேசத்திலுள்ள தவறணைகளைத் தாமே நடத்துவார் அல்லது கீழ்க்குத்தகைக்கு விடுவார்.

இம்முறையின் இயல்பைச் சற்று ஆராய்தல் வேண்டும். குத்தகைக்காரர் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டுவிடும். அத்தொகைக்கு மேல் விற்கும் ஒவ்வொரு போத்தலும் அவருக்கு இலாபம். குறைவாக விற்றால் நட்டம். எனவே குடியைப் பெருக்குவதில் அவருக்கு நேரடி ஆர்வம் இருந்தது. அடுத்த ஏலத்தில் கூடிய தொகை பெறுவதில் அரசுக்கும் ஆர்வம் இருந்தது. தென்மேற்குக் கரையைச் சேர்ந்த சில குடும்பங்கள் இக்குத்தகைகளாற் பெருஞ்செல்வம் ஈட்டி, நாட்டின் புதிய மேட்டுக்குடியின் ஒரு பகுதியாக எழுந்தமையை இலங்கைச் சமூக வரலாற்று ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியுள்ளனர். நெல் விளையும் மட்டக்களப்பு போன்ற பிரதேசங்கள் நெல்வரியையும் சுமந்தன. நெல்வரி 1892இல் நீக்கப்பட்டது, மதுவருமானமோ நீடித்தது. குடியானவனின் விளைச்சலிற் பங்கு கேட்பதைக் கைவிட்ட அரசு, அவன் அருந்தும் கோப்பையிற் பங்கு கேட்பதைக் கைவிடவில்லை.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றி, மதுவரித் திணைக்களத்தின் மேற்பார்வையை ஏற்படுத்தியது. சாராயத் தவறணைகளினின்றும் கள்ளுத் தவறணைகள் பிரிக்கப்பட்டன. சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த இம்மாற்றத்தால் புதிய கள்ளுத் தவறணைகள் பெருந்தொகையாகத் தோன்றின. மக்களின் சினத்தை இதுவே கிளறியது.

மதுவிலக்கு இயக்கமும் அதன் எல்லையும்

1903-1905 காலப்பகுதியிலும், பின்னர் 1911-1914 காலப்பகுதியிலும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் இரு அலைகளாக எழுந்தது. பௌத்த மறுமலர்ச்சியோடு இணைந்த அவ்வியக்கத்தின் மையம் தென்மேற்கு மாகாணங்களாகும். எப். ஆர். சேனாநாயக்கா, டி. எஸ். சேனாநாயக்கா முதலியோர் அரசியலுக்கு அறிமுகமாகிய களம் அதுவே. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மதுவிலக்குத் தலைவர்கள் பலர் சிறைவைக்கப்பட்டனர். அவர்களுக்காகச் சட்டநிரூபண சபையில் வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். வடபுலத்தில் கிறித்தவ மிசன்களும் சைவ நிறுவனங்களும் மதுவிலக்கைப் பரப்பின. ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடுவிக்கும் உள்ளூர் விருப்பு வாக்கெடுப்பு முறை இக்காலத்து இயக்கம் ஈட்டிய குறிப்பிடத்தக்க வெற்றியாகும். விற்பனையைத் தீர்மானிக்கும் உரிமை ஏலக்காரனிடமிருந்து ஊராரிடம் ஓரளவு வந்து சேர்ந்தது.

ஆயினும் கடையை மூடுவது வேறு, பழக்கத்தை மூடுவது வேறு. இதற்குத் தமிழகத்தின் அனுபவம் சான்றாகும். இராசாசி அமைச்சரவை 1937 ஒக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது, பின்னர் மீண்டும் கைவிடப்பட்டது. 1983இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் தனியுரிமையாக்கியது. ஒருகாலத்தில் முழுமையாகத் தடுத்த அரசே பிற்காலத்தில் முழுமையாக விற்கும் அரசாகியது.

இலங்கையில் 1974இல் சாராய உற்பத்தி அரச வடிசாலைக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1992இல் தனியாருக்கு மாறியது. 1970களின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. தலைமுறை தலைமுறையாகச் சாதியொடுக்குதலுக்கு ஆளான தொழிலாளர், இடைத்தரகரின் பிடியினின்றும் விடுபட்டுத் தம் உழைப்பின் பயனைத் தாமே பெற அவை வழிசெய்தன. மதுவிலக்கைப் பேசுவோர் இவ்வுண்மையை மறந்துவிடலாகாது. மரமேறுபவனின் வயிற்றை எண்ணாத மதுவிலக்கு நீதியுடையதாகாது. அத்துடன் உரிமம் பெற்ற மது அரிதானாலோ விலையேறினாலோ அவ்விடத்தைக் கசிப்பு நிரப்புகின்றது. வாவியோரத்துக் கண்டற் காடுகளும் பற்றைகளும் கள்ளத்தனமாக வடிப்போருக்கு வாய்ப்பான மறைவிடங்களாயின. கள்ளிலும் சாராயத்திலும் அளவும் தரமும் ஓரளவு அறியக்கூடியவை. கசிப்பில் இரண்டும் அறியக்கூடியவை அல்ல.

அபின்: மறக்கப்பட்ட ஒரு முன்மாதிரி

மதுவிலக்கின் ஆரவாரத்தில் மறக்கப்பட்ட மற்றொரு வரலாறு அபினைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிற் கடை வைத்தே அபின் விற்கப்பட்டது. அதன் இறக்குமதி பெருகியதும் மக்கள் எதிர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அரசு அதனை ஆராய்ந்தது. 1910ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டளைச்சட்டம் அபின் விநியோகத்தை அரசின் தனியுரிமையாக்கியது. ஏற்கெனவே பழக்கத்துக்கு ஆளானோர் தம் பெயரைப் பதிந்துகொண்டனர். அவர்களுக்கும், பதிவு செய்த சுதேச வைத்தியருக்கும் மாத்திரமே வரையறுத்த அளவில் அபின் வழங்கப்பட்டது. சாங்காயில் 1909இல் நடைபெற்ற அனைத்துலக மாநாட்டையும், 1912ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையையும் ஒட்டிய காலம் இது.

இச்சட்டத்தின் உட்கருத்து உற்றுநோக்கத்தக்கது. பழக்கமுற்ற முதியவன் குற்றவாளியாகக் கருதப்படவில்லை. திடீரென நிறுத்தினால் அவன் படும் துன்பம் உணரப்பட்டது. அதே வேளை, புதிதாக ஓர் இளைஞன் கடைக்குச் சென்று அபின் வாங்கும் வாயில் அடைக்கப்பட்டது. காலப்போக்கிற் பழையவர் மறைய, புதியவர் சேராது பழக்கம் தேய்வதே அதன் எதிர்பார்ப்பு. இக்காலத்தில் தடுப்பு என்றும் சிகிச்சை என்றும் பிரித்துப் பேசப்படும் இரு கொள்கைகளும் ஒரே சட்டத்தில் இணைந்திருந்தன. குறைபாடுகள் இல்லாத சட்டமன்று அது. எனினும் நோயாளியை ஒறுக்காமலே இளையோரைக் காக்க முடியும் என்ற எண்ணம் இலங்கைக்கு அந்நியமானதன்று என்பதற்கு அது சான்றாகும். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாயிற்று. அதன் பின்னர் சட்டத்தின் நாட்டம் மேலும் மேலும் தண்டனையின் பக்கமே சாய்ந்தது.

புயல், போர், ஆழிப்பேரலை

1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னைகளிற் பெரும்பகுதியை வீழ்த்தியது. தென்னையை நம்பிய தொழில்கள் யாவும் அடிபட்டன. அவ்வழிவிலிருந்து மீளுமுன் போர் சூழ்ந்தது. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போரின் நடுவே, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியது. தந்தையரும் தனயரும் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர். குடும்பங்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தன. தாய் வீட்டையொட்டிய வளவுகளில் பெண்மக்கள் சூழ வாழ்ந்த பழைய குடியிருப்பு முறை குலைந்தது. முன்னர் கூறிய அரண் நலிந்தது இவ்வாறே. மனைவியின் துன்பத்தைக் கேட்க அயலிலே தாயில்லை. மருமகனைக் கண்டிக்க மாமனில்லை.

இத்துயரம் மதுவோடு எவ்வாறு பிணைந்தது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. வடகிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் உளநல ஆய்வு, போரனுபவமும் தந்தையின் குடிப்பழக்கமும் பிள்ளை வீட்டில் அனுபவிக்கும் வன்முறையோடு தொடர்புற்றிருந்தமையை எடுத்துக்காட்டியது. போர் களத்தோடு நிற்பதில்லை. குடியின் துணையோடு வீட்டுக்குள்ளும் நுழைகின்றது. நித்திரையின்மையும் கெட்ட கனவும் நினைவின் வதையும் உடையவனுக்கு மது முதலில் மருந்துபோலத் தோன்றும். நாளடைவில் உறக்கத்தை மேலும் கெடுத்து, மனச்சோர்வை வளர்த்து, அதுவே தனி நோயாகின்றது. 1990கள் முதல் மட்டக்களப்பில் இயங்கிவந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற பெண்கள் அமைப்புகள் இவ்வீட்டு வன்முறையைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டோர் நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளை பெற வழிவகுத்தது.

தண்டனையும் சிகிச்சையும்

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் இலங்கையிற் பரவலாயிற்று. 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவியது. அதே ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் ஹெரோயின் கடத்தலுக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதித்தது. 1976இன் பின் இந்நாட்டில் மரணதண்டனை நிறைவேற்றப்படவில்லை; கடத்தலும் நிற்கவில்லை. ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமின் பரவியபோது 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனையும் அதே கடுமைக்குள் அடக்கியது. மாவாப் பொட்டலங்களும் வலிநிவாரண மாத்திரைகளும் பாடசாலை வாயில்களை எட்டியுள்ளன. கள்ளுக்குப் பின் சாராயம், சாராயத்துக்குப் பின் கசிப்பு, அதன்பின் தூளும் மாத்திரையும் எனப் பொருள்கள் மாறி வருகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் பண்டம் சிறிதாகி, மறைப்பதற்கு எளிதாகி, வீரியம் கூடியதாகியுள்ளது. தேடுதலை மாத்திரம் நம்பும் கொள்கை இதனால் எப்போதும் பின்தங்கியே நிற்கின்றது.

விற்பனையைக் கட்டுப்படுத்திய சட்டங்களுள் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் முக்கியமானது. புகையிலை, மதுசாரம் ஆகியவற்றின் விளம்பரத்தை அது தடைசெய்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது. சிகிச்சையைப் பொறுத்தவரை, 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரைச் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் உட்படுத்த ஏற்பாடு செய்தது. ஆயின் சிகிச்சை என்ற பெயர் மட்டும் போதாது. மட்டக்களப்பு எல்லையை அண்டிய வெலிக்கந்தைப் பகுதியிலுள்ள கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 யூன் மாத இறுதியில், அங்கிருந்த ஒருவரின் மரணத்தையடுத்துக் கலகம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். மருத்துவத்தைவிடக் காவலே மேலோங்கும் இடத்தில் நோயாளி கைதியாகவே தன்னை உணர்வான் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இதற்கு மாறான வழியைத் தமிழகத்திற் காணலாம். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் நினைவாகச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்நிலையம் பின்னர் தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடிக் கிராமத்தில் முகாம் அமைத்து, நோயாளரை அவர்தம் ஊரிலேயே குடும்பத்தினருடன் சேர்த்துச் சிகிச்சைக்கு உட்படுத்தியது. நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத உழவனையும் கூலியாளனையும் தேடிச் சிகிச்சை சென்றது. ஊரவரின் ஒத்துழைப்பு, மனைவிக்குத் தனியான ஆலோசனை, முகாம் முடிந்த பின்னும் தொடர்ந்த கண்காணிப்பு ஆகியவை இம்முறையின் தூண்களாகும்.

மட்டக்களப்பிலும் இத்தகைய வழிக்கு அடிப்படை இடப்பட்டுள்ளது. முன்னாளில் உளநோயாளர் கொழும்பை அடுத்த அங்கொடைக்கே செல்லவேண்டியிருந்தது. மொழி தெரியாத இடத்தில், உறவினர் வந்து பார்க்க இயலாத தொலைவில் பெறும் சிகிச்சை எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டினை அடுத்த காலத்தில் மட்டக்களப்பு மருத்துவமனையின் உளநலச் சேவை விரிவடைந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் அது பிரதேச மருத்துவமனைகளை நோக்கியும் நகர்ந்தது. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் மருத்துவக் கல்வியும் அங்கு இடம்பெற்றது. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம், முன்னர் ஓடத்தை நம்பியிருந்த படுவான்கரை மக்களை எழுவான்கரையோடு இணைத்தது. பாலம் என்பது வணிகத்துக்கு மாத்திரமன்று, சிகிச்சைக்கும் பாதையாகும்.

மருத்துவ அறிவும் ஊராரை எட்டவேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக்கலக்கமும் ஏற்படலாம், உயிராபத்தும் நேரலாம். கோயிலில் சத்தியம் செய்து மறுநாளே நிறுத்துமாறு வற்புறுத்தும் உறவினர் இதனை அறிந்திருப்பதில்லை. சத்தியமும் நேர்த்தியும் மனவுறுதிக்குத் துணையாகும். முதல் நாட்களில் மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். மீண்டும் ஒருமுறை வழுக்கி விழுவது இந்நோயின் இயல்புகளுள் ஒன்று. நீரிழிவுக்காரனின் சீனி கூடினால் அவனை ஊர் விலக்கி வைப்பதில்லை. குடிநோயாளி வழுக்கினால் மாத்திரம் ஏன் விலக்கவேண்டும்?

முடிவுரை

2017ஆம் ஆண்டில் கல்குடாவை அண்டிய கும்புறுமூலையில் எதனோல் தொழிற்சாலை அமைக்கப்படுவதை எதிர்த்து மக்கள் குரலெழுப்பினர். போரினால் நொந்த மாவட்டத்துக்குத் தொழில் வேண்டும் என்பது ஒருபக்கத்து வாதம். அத்தொழில் எதனை உற்பத்தி செய்கின்றது என்பது மறுபக்கத்து வினா. தவறணையை ஏலம்விட்ட காலத்திற் கேட்கப்படாத அவ்வினாவை ஊரவர் தாமே கேட்டனர் என்பதே அந்நிகழ்ச்சியின் வரலாற்று முக்கியத்துவமாகும்.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளைத் துணியலாம். விற்பனையால் வருமானம் பெறும் அரசு தடுப்பில் முழுமனதோடு ஈடுபடுவது அரிது. ஆகையால் ஊரவரின் விழிப்பு இன்றியமையாதது. கடையை மூடுவதனால் மாத்திரம் பழக்கம் ஒழியாது. ஒன்று மூடினால் அதனினும் கொடியது அவ்விடத்தைப் பிடிக்கும். தண்டனை கடத்துபவனை அச்சுறுத்தலாம், அடிமையானவனைக் குணப்படுத்தாது. 1910ஆம் ஆண்டின் அபின் சட்டம் இளையோருக்கு வாயிலை அடைத்து, நோயாளிக்கு மருத்துவனின் கதவைத் திறந்து வைத்தது. அவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் கொள்கையே இன்றும் வேண்டப்படுவது.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் குடும்பத்தை மீளக் கட்டியெழுப்புதல் வேண்டும். போதை ஒருவனைத் தனிமைப்படுத்துகின்றது. அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் வெட்கத்தினால் தனிமைப்படுத்துகின்றது. மட்டக்களப்பின் மரபு பெண்ணுக்கு வீட்டையும் சுற்றத்தையும் கொடுத்தது. அச்சுற்றத்தின் இடத்தில் இன்று தாதியும் உளநல அலுவலரும் ஆசிரியரும் மாதர் சங்கமும் நிற்கவேண்டியுள்ளது. வந்தாறுமூலையிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் பயிலும் மாணவர், தம் ஊரின் வாசிகசாலையிலிருந்தும் விளையாட்டுக் கழகத்திலிருந்தும் இப்பணியைத் தொடங்கலாம். வாவியின் இரு கரைகளிலும் தவறணைக்கு வழி காட்டுவோர் பலருளர். மருத்துவமனைக்கு வழி காட்டுவோர் அவர்களிலும் பலராதல் வேண்டும்.